சிக்னல் முழுக்க இருக்கு, இணையம் ஏன் இல்லை? வன்னிக் கோபுரங்களின் லிங்க் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இலங்கையில் வன்னி என்று சொல்லும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கைபேசிக் கோபுரம் ஏறி டிஷ் பூட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். போகிற இடமெல்லாம், தேத்தண்ணிக் கடையிலும் கோபுரக் காணியின் படலையடியிலும், ஆட்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவசரத்தில் அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்த பதில்களை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

போனில் சிக்னல் முழுக்கக் காட்டுகிறது. வட்ஸ்அப்பில் ஒரு படம்கூட இறங்குவதில்லை. ஏன்?

போனில் ஏறி இறங்கும் அந்தக் கோடுகள் உங்களுக்கும் பக்கத்துக் கோபுரத்துக்கும் இடையில் உள்ளதை மட்டும்தான் காட்டும். கோபுரத்திலிருந்து கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ, அங்கிருந்து கொழும்புக்கோ போகிற வழி எப்படியிருக்கிறது என்பது அதில் தெரியாது. அந்த வழிக்குத் தொழிலில் பேக்ஹோல் என்று பெயர். எங்கள் வாயில் வருவது வெறும் 'லிங்க்'.

வயல்காரருக்கு இது உடனே விளங்கும். வரம்பு கட்டி, உழுது, எல்லாம் ஆயத்தம். வாய்க்காலில் தண்ணி வரவில்லை என்றால் என்ன செய்வது? கோபுரம் வயல், லிங்க் வாய்க்கால். 20 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஓடும் சாதாரண 4ஜி கோபுரத்தின் ஒரு பக்கம் உச்சமாக 150 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு) வரை கொடுக்கக்கூடியது. மூன்று பக்கமும் சேர்த்தால் 450. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவது அரிது, சரி. ஆனால் அந்தக் கோபுரத்தின் பின்னால் 40 எம்பிபிஎஸ் கொண்டுபோகிற பழைய லிங்க் ஒன்று தொங்கினால், பின்னேரம் ஏழு மணிக்கு முழு ஊரும் அந்த நாற்பதைத்தான் பங்குபோட வேண்டும்.

கோபுரத்தை வெளியுலகத்தோடு இணைக்க என்னென்ன வழி உண்டு?

மண்ணுக்குள் புதைக்கும் பைபர், கோபுரத்துக்குக் கோபுரம் டிஷ் வைத்து எறியும் மைக்ரோவேவ், குறுந்தூரத்துக்கு மிகப் பெரிய கொள்ளளவு தரும் 80 ஜிகாஹேர்ட்ஸ் லிங்க், சிறிய வேலைகளுக்கு 5 ஜிகாஹேர்ட்ஸ் ரேடியோ, கடைசியில் செய்மதி. வன்னியின் உட்பகுதிகளைப் பொறுத்தவரை மைக்ரோவேவே முதுகெலும்பு என்பது என் கருத்து. மற்றவை அதற்குத் துணை நிற்கலாம், அதன் இடத்தைப் பிடிக்க நாள் எடுக்கும்.

பைபர் போட்டால் எல்லாம் சரிவரும்தானே?

போடக்கூடிய இடமெல்லாம் போடத்தான் வேண்டும். கொள்ளளவில் பைபருக்கு ஈடு எதுவுமில்லை. ஏ9 போன்ற பெருவீதி ஓரத்தில் நிற்கும் கோபுரத்துக்கு நான் வேறெதையும் சிபாரிசு செய்யமாட்டேன்.

உள்ளே போகப் போகக் கணக்கு மாறும். காடு, குளக்கட்டு, மாரியில் நிரம்பி ஓடும் ஆறு எல்லாவற்றையும் கடந்து பத்து, பதினைந்து கிலோமீற்றர் தோண்டினால் கடைசியில் இருப்பது முந்நூறு குடும்பம். தோண்டிப் புதைத்த பிறகும் அது பத்திரமில்லை. வீதி அகலிப்புக்கு, மதகு கட்டுவதற்கு, தண்ணீர்க் குழாய் போடுவதற்கு என்று பெக்கோ வந்து ஒரு தரம் வாளியை இறக்கினால் கேபிள் போச்சு. அறுந்த இடத்தைத் தேடி, தோண்டி, இழையை ஒட்டி முடிக்க மணித்தியாலக் கணக்காகும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கிளிநொச்சி வெள்ளத்தில் கிடந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட நாளில் மண்ணுக்குள் உள்ளதைத் திருத்த யார் போவது, எந்த வழியால் போவது?

மைக்ரோவேவ் லிங்க் என்றால் சரியாக என்ன?

கோபுரத்தில் மத்தளம் மாதிரி வட்டமாக, வெள்ளையாகத் தொங்குவதுதான் அது. நீள நீளமாகக் குத்தென நிற்கும் பெட்டிகள் உங்கள் போனோடு பேசுபவை. வட்டமானது இன்னொரு கோபுரத்தோடு பேசுவது.

6 முதல் 8 ஜிகாஹேர்ட்ஸ் வரையுள்ள அலைகள் 30, 40 கிலோமீற்றர்கூடப் போகும். 15, 18, 23 ஜிகாஹேர்ட்ஸ் குறுகிய தூரங்களுக்கு. அலைவெண் கூடக்கூட டிஷ் சிறியதாகும், தூரமும் குறையும். எந்த அலைவெண்ணை எங்கே பாவிப்பது என்பதற்கு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அதனால்தான் ஒருவருடைய லிங்க் மற்றவருடையதோடு முட்டுவதில்லை.

கொள்ளளவு? பழைய லிங்க் ஒன்று நான்கு ஈ1 (ஒரு ஈ1 என்பது 30 அழைப்பு போகும் வழி) என்றால் 8 எம்பிபிஎஸ், ஒரே நேரத்தில் 120 பேர் கதைக்கலாம். குரல் அழைப்பு மட்டும் இருந்த காலத்துக்கு அது போதும். இன்றைய ரேடியோ 56 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் 400 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கொண்டுபோகும். ஒரே டிஷ்ஷில் கிடையாக ஒன்று, நிலைக்குத்தாக ஒன்று என்று இரண்டு ஓட்டம் விட்டால் அதுவும் இரட்டிப்பாகும். பெரும்பாலான இடங்களில் கோபுரம் புதிதாகத் தேவையில்லை. பின்னால் உள்ள ரேடியோவை மாற்றினாலே ஊர் மூச்சுவிடும்.

வன்னி தட்டை நிலம், ஒரு மலையும் இல்லை. பிறகேன் இவ்வளவு உயரக் கோபுரம்?

தட்டை நிலம் என்பதே சிக்கல். மலைநாட்டில் உச்சியில் ஒரு சின்னக் கம்பம் நட்டால் போதும். இங்கே உயரம் முழுவதையும் இரும்பால்தான் கட்ட வேண்டும்.

இரண்டு டிஷ்ஷுக்கும் நடுவில் அலை நூல் மாதிரிப் போவதில்லை. நடுவில் பருத்து, இரண்டு முனையிலும் ஒடுங்கி, வெள்ளரிக்காய் வடிவத்தில் போகும். அந்தப் பருமனுக்கு ஃபிரெனெல் வலயம் என்று பெயர். அதில் பாதிக்குமேல், சரியாகச் சொன்னால் ஆரையில் 60 சதவீதம், தடையில்லாமல் இருக்க வேண்டும். 30 கிலோமீற்றர் தூரம், 7 ஜிகாஹேர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஆரை ஏறக்குறைய 18 மீற்றர். 60 சதவீதம் 11 மீற்றர். பூமி உருண்டை என்பதால் அந்தத் தூரத்துக்கு நடுவில் நிலம் 13 மீற்றர் அளவுக்குப் புடைத்து நிற்கும். அதன்மேல் பாலையும் முதிரையும் பனையும் 20 மீற்றர். கூட்டினால் 44. மரம் வளர்வதற்கும் கொஞ்சம் விட்டால் இரண்டு பக்கமும் 50 மீற்றர் உயரத்தில் டிஷ் தொங்க வேண்டும்.

அதே தூரத்தை இரண்டாக்கி நடுவில் இன்னொரு கோபுரம் வைத்தால் அந்த 44 மீற்றர் 31 ஆகக் குறையும். நல்ல யோசனை மாதிரித் தெரியும். ஆனால் அந்த நடுக் கோபுரத்துக்கும் காணி வேண்டும், கரண்ட் வேண்டும், காவல் வேண்டும். காணி என்றால் எங்கள் பகுதியில் கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று எழுத்தில் உறுதி வாங்காமல் ஒரு குழியும் தோண்டக்கூடாது. ஆள் நடமாட்டம் குறைந்த காட்டோரங்களில் இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

டிஷ்ஷை அந்தக் கோபுரத்தைப் பார்த்துத் திருப்புவது எப்படி? கண்ணுக்கே தெரியாதே?

இதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

7 ஜிகாஹேர்ட்ஸில் 1.8 மீற்றர் டிஷ் ஒன்றின் கதிர் ஒன்றேமுக்கால் பாகை அகலம்தான். முதலில் திசைகாட்டியை வைத்துக் குத்துமதிப்பாகத் திருப்புவோம். திசைகாட்டியைக் கோபுர இரும்பிலிருந்து தள்ளி நின்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் முள் பொய் சொல்லும். பிறகு ரேடியோவின் சின்ன முனையில் மல்ரிமீற்றரைக் கொழுவி, வோல்ற்றைப் பார்த்துக்கொண்டே ஸ்பனரால் திருகாணியைக் கால் சுற்று, கால் சுற்றாக நகர்த்துவோம். மறுமுனையில் இன்னொருவர் அதே உயரத்தில் இடுப்பு வாரில் தொங்கிக்கொண்டு நிற்பார்.

"தம்பி, கொஞ்சம் சோத்துக்கைப் பக்கம்... இன்னும்... நிப்பாட்டு, நிப்பாட்டு."

"அண்ணை, ஏறிட்டு இறங்குது."

"அப்ப திரும்பி வா. மெல்ல."

ஏறி இறங்குகிற அந்த உச்சம் ஒன்றல்ல. நடுவில் பெரிய உச்சம், இரண்டு பக்கமும் சின்னச் சின்ன உச்சங்கள். சின்னதில் பூட்டிவிட்டாலும் லிங்க் வேலை செய்யும், பச்சை விளக்கும் எரியும். ஆனால் நூறில் ஒரு பங்கு பலமே கிடைக்கும். ஒரு முறை மாரிக்கு மாரி விழுந்துகொண்டிருந்த லிங்க் ஒன்றைப் பார்க்க அனுப்பினார்கள். கணக்குப்படி வந்துசேர வேண்டிய பலம் மைனஸ் 40 டிபிஎம் அளவு (மைனஸுக்குப் பின்னுள்ள எண் கூடினால் பலம் குறைவு). வந்தது மைனஸ் 61. ரேடியோவை மாற்றியிருந்தார்கள், கேபிளை மாற்றியிருந்தார்கள், டிஷ்ஷை மட்டும் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டு பாகைக்கு மேல் திருப்பியதும் மைனஸ் 41. இரண்டு வருடமாக அந்த ஊர்ப் பிள்ளைகள் மழை நாளில் இணையம் இல்லாமல் இருந்தது ஒரு திருகாணியால். அன்று இறங்கி வந்து வெகுநேரம் கோபுரத்தடியிலேயே இருந்தேன். அவசர அவசரமாக வேலையை முடித்து ஒப்படைக்கச் சொல்லும் எவரிடமும் அந்த நாளைச் சொல்லித்தான் நேரம் கேட்கிறேன்.

(வாடையோ சோளகமோ, காற்று நாட்களில் இந்த வேலையே செய்யமுடியாது. கோபுரத்தில் குளவிக்கூடு இருந்தால் எந்தக் காலத்திலும் செய்யமுடியாது. கூட்டுக்குக் கல்லெறிய வேண்டாம் என்று ஊர்ப் பொடியளைக் கும்பிட்டுக் கேட்கிறேன், மேலே ஆள் நிற்கலாம்.)

மழை பெய்தால் லிங்க் விழுமா?

எந்த அலைவெண் என்பதைப் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடிமழை மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் கொட்டுகிறது என்று வையுங்கள். அந்த மழைக்குள் 7 ஜிகாஹேர்ட்ஸ் அலை கிலோமீற்றருக்கு 2 டெசிபெல்கூட இழக்காது. 15 ஜிகாஹேர்ட்ஸ் 8 டெசிபெல் இழக்கும், 80 ஜிகாஹேர்ட்ஸ் 30. பத்து டெசிபெல் என்றால் பத்தில் ஒன்று, முப்பது என்றால் ஆயிரத்தில் ஒன்று. இடிமழை ஒரே நேரத்தில் சில கிலோமீற்றர் அகலத்தில்தான் கொட்டும். ஆகவே 30 கிலோமீற்றர் நீளமுள்ள 7 ஜிகாஹேர்ட்ஸ் லிங்க், சரியாகத் திருப்பிப் பூட்டியிருந்தால், அதைத் தாங்கும்.

இன்றைய ரேடியோக்கள் மழையைக் கண்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்து உயிரைப் பிடித்துக்கொள்ளும். அப்போது அழைப்பு எடுக்கலாம், வீடியோ மட்டும் நிற்கும். அது பழுதில்லை, அப்படித்தான் செய்ய வேண்டும்.

80 ஜிகாஹேர்ட்ஸ் வெயில் நாளில் 10 ஜிபிபிஎஸ், அதாவது 10,000 எம்பிபிஎஸ் வரை தரக்கூடியது. கிளிநொச்சி நகருக்குள் ஒரு கிலோமீற்றருக்கு அது அருமை. அதை ஐந்து கிலோமீற்றருக்கு நீட்டி, மழைக்காலத்தில் தனியே நம்புவது தப்பு. பக்கத்தில் 18 ஜிகாஹேர்ட்ஸ் ஒன்றையும் சேர்த்துக் கட்டினால், மழையில் பெரியது படுத்தாலும் சின்னது நிற்கும்.

மழையும் இல்லை, காற்றும் இல்லை. தை, மாசியில் விடியப்புறம் இணைப்பு அறுந்து அறுந்து வருகிறதே?

பனி விழும் அமைதியான இரவுகளில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெப்பக் காற்று போர்வை மாதிரி மூடும். அலை நேரே போகாமல் வளையும், சிலவேளை இரண்டு மூன்று வழியால் போய்ச் சேரும். வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வெயில் ஏறி எட்டு மணியானதும் எல்லாம் சரியாகிவிடும், முறைப்பாட்டைப் பார்க்க வந்தவர் 'பழுதில்லை' என்று எழுதிவிட்டுப் போவார்.

தண்ணீருக்கு மேலால் போகும் லிங்க்குகளில் இது மோசம். ஆனையிறவுக் கடனீரேரி, பூநகரிப் பக்கம், நந்திக்கடல், இரணைமடு. அசையாத தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையைத் திருப்பி எறியும். இதற்கு மருந்து உண்டு. ஒரே கோபுரத்தில் சில மீற்றர் இடைவெளியில் மேலும் கீழுமாக இரண்டு டிஷ் வைப்பது. ஒன்றில் அழிந்தது மற்றதில் பெரும்பாலும் அழிந்திராது. அல்லது ஒரு முனையை உயரத்திலும் மறுமுனையைத் தாழ்விலும் வைத்து, எதிரொலிக்கும் புள்ளியைத் தண்ணீரிலிருந்து பற்றைக்காட்டுக்குத் தள்ளிவிடுவது. இரண்டாவது டிஷ் வீண் செலவு என்று நினைப்பவர்கள் ஒரு தை மாத விடியலை அங்கே கழிக்க வேண்டும்.

எங்கோ ஒரு கோபுரத்தில் கரண்ட் போனால் எங்கள் ஊரும் சேர்ந்து போவதேன்?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் எனக்கு முக்கியம்.

உட்பகுதிக் கோபுரங்கள் பல, சங்கிலி மாதிரி ஒன்றின் பின் ஒன்றாகக் கட்டப்பட்டவை. மாங்குளத்தில் தொடங்கி, ஒலுமடு, ஒட்டுசுட்டான், முள்ளியவளை என்று போகும் ஒரு சங்கிலியை உதாரணமாக எடுப்போம். முதல் கண்ணி விட்டால் பின்னால் உள்ள அத்தனையும் போகும், அவற்றில் கரண்ட் இருந்தாலும் சரி, சிக்னல் கோடுகள் முழுக்க நின்றாலும் சரி. ஒவ்வொரு கண்ணியும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நேரம் நன்றாக இருக்கிறது என்று வையுங்கள். ஒரு கோபுரம் வருடத்தில் மூன்றரை நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் விழுகிறது. நான்கு கண்ணி தாண்டிக் கடைசியில் உள்ள ஊருக்கோ வருடத்தில் பதினான்கு நாள் இல்லை. கடைசி ஊர் எப்போதும் ஏழை ஊராகவே இருப்பது எனக்கு மனதை உறுத்துகிறது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. கோபுரத்தின் 48 வோல்ற் பற்றரிகள் சில மணித்தியாலத்துக்குத்தான் கணக்குப் போடப்பட்டவை. ஜெனரேற்றருக்கு டீசலும் கிடைக்கவில்லை. அப்போது கண்ணி கண்ணியாக ஊர்கள் போனதைப் பார்த்தோம்.

இதற்கு விடை வளையம். பரந்தனிலிருந்து தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்கு ஏ35 போகிறது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக அதே முல்லைத்தீவுக்கு ஏ34 போகிறது. பரந்தனையும் மாங்குளத்தையும் ஏ9 இணைக்கிறது. வீதி வரைபடமே ஒரு வளையம். லிங்க்குகளையும் அப்படிக் கட்டினால், ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கத்தால் சுற்றிப் போகும். சங்கிலியின் இரண்டு வால்களை ஒன்றோடொன்று முடிய, பல இடங்களில் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரே ஒரு லிங்க். அத்தோடு சந்திக் கோபுரங்களுக்கு மட்டுமாவது சோலரும் பெரிய பற்றரியும். வெயிலுக்கு வன்னியில் என்ன பஞ்சம்?

ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் வந்துவிட்டது. இனிக் கோபுரமே தேவையில்லையா?

2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தது. பழைய செய்மதிகள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பவை, ஒரு வார்த்தை சொல்லிப் பதில் வர அரைச் செக்கனுக்கு மேல் ஆகும். ஸ்டார்லிங்க் ஏறக்குறைய 500 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுவதால் அந்தத் தாமதம் உணரவே முடியாது. வைத்தியசாலை, பிரதேச செயலகம், காட்டோரப் பாடசாலை ஆகியவற்றில் ஒன்று இருப்பது நல்லது. வெள்ளத்தில் லிங்க் முறிந்த கோபுரம் ஒன்றை அழைப்புக்கு மட்டுமாவது உயிரோடு வைத்திருக்கவும் செய்மதி இணைப்பு உதவும். ஆனால் வீட்டுக்கு வீடு அதன் டிஷ்ஷை வாங்கும் வசதி வன்னியில் எத்தனை பேருக்கு? சட்டைப் பையில் உள்ள போனுக்குக் கோபுரம்தான்.

5ஜி வந்தால் இந்த லிங்க் சிக்கல் தீருமா?

5ஜி கோபுரமே தன் அலைவரிசையில் ஒரு பங்கைப் பக்கத்துக் கோபுரத்துக்கு லிங்க்காகக் கொடுக்கும் முறை உண்டு. நெருக்கமான நகரத்துக்குச் சரி. பத்துக் கிலோமீற்றர் இடைவெளிகளுக்கு உதவாது.

டிஷ்ஷின் கதிர் பிள்ளைகளுக்கு, பயிருக்குக் கூடாதா?

லிங்க் டிஷ் ஒன்று வெளியே விடும் சக்தி பெரும்பாலும் ஒரு வாட்டுக்குள். அதுவும் பனைக்கு மேலால், ஒடுங்கிய கதிராகப் போகிறது. வீட்டின்மேல் விழுந்தால் எங்கள் லிங்க்கே வேலை செய்யாது. இந்த அலைகள் எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்கும் வகை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011ல் ரேடியோ அலைகளைப் 'புற்றுநோயை உண்டாக்கச் சாத்தியமுள்ளவை' என்ற வகுப்பில் வைத்தது உண்மை. காதோடு ஒட்டிப் பேசும் கைப்பேசி பற்றிய ஆய்வுகளே அதற்கு முக்கிய காரணம். பயப்படுகிறவரை நான் ஒருபோதும் சிரித்து அனுப்பமாட்டேன். அளந்து காட்டும்படி நீங்கள் கேட்கலாம். கோபுரத்தடியில் நான் பயப்படுவது மின்னலுக்கும் ஜெனரேற்றர் புகைக்கும்தான்.

முறைப்பாடு செய்தாலும் ஒன்றும் நடப்பதில்லை. என்ன சொல்ல வேண்டும்?

'கவரேஜ் இல்லை' என்று மட்டும் சொன்னால் உங்கள் போனை அணைத்துப் போடச் சொல்வார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, அந்த நேரத்தில் சிக்னல் கோடு எத்தனை, அழைப்பு எடுபட்டதா, மழையா பனியா, ஊரில் கரண்ட் இருந்ததா. கூடவே அடுத்த ஊரில் உள்ள சொந்தக்காரரைக் கேட்டு, அங்கேயும் அதே நிமிடத்தில் போனதா என்று எழுதுங்கள். ஒரே வீதியில் மூன்று ஊர் சேர்ந்து போயிருந்தால் அது உங்கள் கோபுரத்தின் பழுதில்லை, அதற்கு முன்னாலுள்ள லிங்க். அந்த ஒரு வரி இருந்தால் முறைப்பாடு எங்கள் கைக்கு வர நியாயமான வாய்ப்பு உண்டு. கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு கொப்பி போட்டு இரண்டு வாரம் குறித்தால் இன்னும் நல்லது. ஒரு ஊரில் பாடசாலை அதிபர் அப்படி ஒரு கொப்பியைத் தந்தார். எல்லாம் விடிய ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில். கோபுரத்தில் ஏறாமலே, குளத்துப் பக்கம் பார்க்கும் லிங்க்குக்கு இரண்டாவது டிஷ் கேட்டு எழுதினேன்.